அழுக்குப் பக்கத்துக்கு ஒரு ஆள்

இப்பிடி யன்னல் கரையிலை இரும் தம்பி. பையை மடியிலை வைச்சிரும், கீழை எல்லாம் ஈரம். பாரிசிலை இருந்து நித்திரை கொண்டு வந்திருப்பீர் என்ன? எல்லையிலை ஆரும் மறிச்சவங்களோ? மறிக்க மாட்டாங்கள். பிரெஞ்சுப் பாஸ்போட் எல்லோ. பெல்ஜியம் எங்கை முடிஞ்சது, ஜெர்மனி எங்கை தொடங்கினது எண்டுகூட உமக்குத் தெரிஞ்சிராது. குடுத்து வைச்ச ஆக்கள் நீங்கள்.

இந்த பஸ் வேலையிடத்து வாசல் வரைக்கும் போகும். அங்கை இறங்கினால் கதைக்க நேரம் கிடையாது, மனேச்சர் மனுசி வாசலிலை நிப்பா. அதாலை இப்பவே கதைச்சிடுவம். அதுக்குத்தான் நானே ஸ்ரேசனுக்கு வந்தனான். இல்லாட்டி வாற பொடியளைக் கூட்டிக்கொண்டு போறதோ என்ரை வேலை? நான் அங்கை லைனுக்குப் பொறுப்பு. பஞ்சலிங்கம் எண்டு சொன்னால் துருக்கிக்காரன், போலந்துக்காரன் எல்லாரும் எழும்பி நிப்பாங்கள்.

துவாரகன் எண்டு ஒரு பொடியன் எங்களிட்டை வேலை செய்து செத்துப் போனவன். கேள்விப்பட்டிருப்பீர். உங்கடை பாரிசிலை, எங்கடை சனம் கூடுற லாச்சப்பலிலை தேத்தண்ணிக் கடைக்குக் கடை கதைச்சிருப்பாங்கள், பஞ்சலிங்கம்தான் அந்தப் பொடியனைக் கொண்டவன் எண்டு. அவங்கடை நாக்குப் புழுத்துப் போக. நடந்ததை நான் சொல்லுறன், கேட்டிட்டு நீரே சொல்லும் என்னிலை என்ன பிழை எண்டு. ஒரேயொரு பிழை நடந்தது, அதை நான் மறைக்கேல்லை. அதுவும் என்ரை பிழை இல்லை, ஊரிலை இருக்கிற அக்காவின்ரை பிழை.

எங்கடை இடம் பெரிய சலவைத் தொழிற்சாலை. சுத்துவட்டாரத்து ஆஸ்பத்திரி, வயோதிபர் மடம், ஹோட்டல் எல்லாத்தின்ரை துணியும் எங்களிட்டைத்தான் வரும். சிரிக்காதையும். ஜெர்மனிக்குப் போய் பஞ்சலிங்கம் உடுப்புத் தோய்க்கிறான் எண்டு ஊரிலையும் சொல்லிச் சிரிச்சவங்கள். நான் தோய்க்கிறேல்லை. மெசின் தோய்க்கும், நான் மெசினைப் பாக்கிறனான். அது வேறை, இது வேறை.

கட்டிடத்துக்கு நடுவிலை ஒரு சுவர். சுவருக்குள்ளைதான் மெசினெல்லாம் பூட்டியிருக்கு. அங்காலை நிண்டு அழுக்கைப் போட்டால் இஞ்சாலைக் கதவாலை சுத்தமாய் வரும். அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் எண்டுதான் அவங்களே சொல்லுறது. அழுக்குப் பக்கத்திலை நிக்கிறவன் நினைச்ச உடனை இஞ்சாலை வரேலாது. உடுப்பு மாத்தி, கை கழுவி, மருந்து பூசித்தான் வரலாம். முதல் நாள் அந்தச் சுவரைக் கண்டிட்டு நான் மலைச்சுப் போனன். பாரடா, எங்கடை ஆக்களை ஏதோ காட்டுமிராண்டியள் எண்டு சொல்லுறாங்கள், இதைத்தானே நாங்களும் செய்தனாங்கள் எண்டு.

என்னையும் முதலிலை அங்காலைதான் விட்டவங்கள். வருசக்கணக்காய். ஆஸ்பத்திரி மூட்டையை அவிட்டுக் கையாலை பிரிக்க வேணும், படுக்கைத் துணி வேறை, துவாய் வேறை, டாக்குத்தர்மாற்றை உடுப்பு வேறை. பீ, சத்தி, ரத்தம். பல்லுச் செட் வரும், கத்தரிக்கோல் வரும், ஊசியும் வரும். ஜெர்மன்காரர் எல்லாரும் இஞ்சாலை ரேடியோ கேட்டுக்கொண்டு துவாய் மடிப்பினம். கண்ணாடி யன்னலாலை பாத்தால் தெரியும். எனக்குப் பத்தி எரியும் தம்பி. இவங்கள் மனிசர், நான் என்ன மாடோ எண்டு.

நான் வந்த காலம் உமக்குத் தெரியாது. அகதி எண்டு பதிஞ்சால் அந்த மாவட்டத்தை விட்டு அங்கால் இங்கால் போகேலாது. பக்கத்து ரவுணிலை சிநேகிதன்ரை பிள்ளைக்குப் பிறந்தநாள். கேக் பெட்டியும் கையுமாய் ரெயின் ஏறினன். இடையிலை பொலிஸ் பிடிச்சு இறக்கிப் போட்டான். அந்த மேடையிலை எல்லாரும் பாக்கப் பாக்க, கள்ளனைப் போலை நிண்டன். உம்மைப் போலை ஒரு சொல்லுக்கு நாடு விட்டு நாடு வந்தவன் இல்லை நான்.

பிறகு பிரஜாவுரிமை எடுத்தன், பாஷையை வடிவாய்ப் படிச்சன், தொழிற்சங்கத்துக்குப் போய்ச் சண்டை பிடிச்சு ஒரு ஒழுங்கு கொண்டு வந்தன். ஆள் மாறி ஆள். ஒரு மாதம் அழுக்குப் பக்கம் எண்டால் அடுத்த மாதம் சுத்தப் பக்கம், எந்த நாட்டுக்காரனாய் இருந்தாலும். அழுக்குப் பக்கம் போற எல்லாருக்கும் ஈரல் நோய்க்குத் தடுப்பூசி, கம்பெனி போடுவிக்க வேணும். அதெல்லாம் ஆர் செய்தது? இந்தப் பஞ்சலிங்கம். அண்டைக்குக் கூட்டத்திலை எழும்பி நிண்டு சொன்னனான், உழைக்கிறவன் எண்டால் எல்லாரும் ஒண்டு எண்டு. ஜெர்மன்காரனே கை தட்டினவன்.

சரி, துவாரகன்ரை கதைக்கு வாறன்.

அவன் பிறந்தது வளந்தது பலெர்மோவிலை. இத்தாலிப் பாஸ்போட். அங்கை வேலை இல்லையெண்டு இஞ்சை வந்தவன். மனுசி டிலானி அங்கை, வயித்திலை பிள்ளை. ஒரு மலிவு பிளேனிலை ஏறி வந்து இறங்கின உடனை ஜெர்மன்காரனுக்கு என்னென்ன உண்டோ அதெல்லாம் அவனுக்கும் உண்டாம். அதுதான் சட்டமாம். எனக்கு வயிறு எரிஞ்சுது தம்பி. நான் நாய் படாப் பாடு பட்டு எடுத்ததை இவன் தொப்பியும் போட்டுக்கொண்டு, விசில் அடிச்சுக்கொண்டு வந்து எடுக்கிறதோ?

ஆனால் ஆள் நல்ல பொடியன். பொய் சொல்லக்கூடாது. ஜெர்மன் ஒரு சொல்லுத் தெரியாது, தமிழும் இத்தாலிக்காரன் கதைக்கிற மாதிரி கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பான். என்னை "அங்கிள், அங்கிள்" எண்டு காலைச் சுத்தின பூனை மாதிரித் திரிவான்.

வந்த அண்டைக்கே ஊரைக் கேட்டன். சும்மாதான் கேட்டனான். எனக்குச் சாதி கீதி பாக்கிற பழக்கம் கிடையாது. எண்டாலும் ஒருத்தன் ஆர் எவர் எண்டு தெரிய வேணும்தானே? பாத்தால் என்ரை ஊரைச் சொல்லுறான்! எனக்கு ஒரே சந்தோசம். "ஊரிலை எவடம்?" எண்டன். "குளத்தடி எண்டு அப்பா சொல்லுறவர் அங்கிள். அப்பப்பான்ரை பேர் சின்னராசா. நான் ஒருக்காலும் போகேல்லை" எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னான். என்ரை சந்தோசம் அந்த இடத்திலை நிண்டிட்டுது. எங்கடை ஊரிலை குளத்தடியிலை ஆர் இருக்கிறது எண்டு பால்குடிக்கும் தெரியும்.

எண்டாலும் அவசரப்பட்டு ஒருத்தனை மட்டுக்கட்டக் கூடாது எண்டு ஊருக்கு அக்காவுக்குப் போன் எடுத்தன். நான் நிதானமான ஆள். அக்கா எடுத்த எடுப்பிலை சொல்லிப்போட்டா. "குளத்தடிச் சின்னராசனோ? அது எங்கடை வீட்டுக்கு வெளுத்த கட்டாடியெல்லோ! அவன்ரை பேரப்பிள்ளை உன்னோடை வேலை செய்யிதோ? கலிகாலம் தம்பி. வீட்டுக்குள்ளை கீட்டுக்குள்ளை எடுத்துப்போடாதை, யோகேஸ் பாவம்." யோகேஸ் என்ரை மனுசி.

அப்ப நான் என்ன செய்யிறது? வேலையை விட்டுக் கலைச்சனானோ? இல்லை. கேவலமாய் ஒரு சொல்லுச் சொன்னனானோ? கேட்டுப் பாரும், ஒருத்தனும் சொல்லமாட்டான். அழுக்குப் பக்கத்துக்கு ஆள் வேணும், விட்டன். அவ்வளவுதான். பரம்பரையாய்ச் செய்த தொழில், இவனுக்கு அருவருப்பிராது எண்டு நல்லெண்ணத்திலைதான் யோசிச்சனான்.

மாதம் முடிஞ்சுது. மாத்தேல்லை. அடுத்த மாதமும் முடிஞ்சுது. ஆள் மாறி ஆள் எண்ட ஒழுங்கு இருக்குத்தான். அது நான் சண்டை பிடிச்சு எடுத்த ஒழுங்கு. நான் எடுத்ததை ஆருக்குக் குடுக்கிறது எண்டு எனக்குத் தெரியாதோ?

சாப்பாட்டு அறையிலை எல்லாரும் ஒண்டாய்த்தான் இருக்கிறது. அவனிட்டை மட்டும் சொன்னன், "தம்பி, நீர் அழுக்குப் பக்கத்திலை நிக்கிறனீர், ஒரு கோப்பை வீட்டிலையிருந்து கொண்டு வாரும், சுகாதாரம்" எண்டு. கொண்டு வந்தான், அதிலை இத்தாலிக் கொடி வேறை போட்டிருந்தது. உருண்டையாய் ஏதோ சோத்துப் பொரியல் செய்து கொண்டு வந்து நீட்டுவான். எனக்கு விரதம் எண்டு சொல்லுவன். ஒரு நாள் கேட்டான், "என்ன அங்கிள், திங்கள் விரதம், செவ்வாய் விரதம், புதனும் விரதம். கடவுள் உங்களைப் பட்டினி போட்டுக் கொல்லப் போறார்" எண்டு. எல்லாரும் சிரிச்சாங்கள். நானும் சிரிச்சன். ஒண்டும் விளங்காத பிள்ளை. அதைப் பாக்கப் பாவமாயும் இருந்தது, அதே நேரம் நல்லதாயும் இருந்தது.

ஒரு நாள் உடுப்பு மாத்திற இடத்திலை என்னை மறிச்சான். "அங்கிள், என்னைச் சுத்தப் பக்கம் மாத்திவிடுவியளோ? பிள்ளை பிறந்த உடனை டிலானியை இஞ்சை கூப்பிடப் போறன். இந்தக் கையாலை பிள்ளையைத் தூக்கப் பயமாய் இருக்கு" எண்டான். "பாப்பம் தம்பி" எண்டன்.

பேந்தும் வந்தான். "மாத்தாட்டிலும் பரவாயில்லை அங்கிள், அந்தத் தடுப்பூசியையாவது போட்டு விடுங்கோ" எண்டு. இதை ஆர் இவனுக்குச் சொன்னது எண்டு பாத்தால், பொஷேனா. போலந்துக்காரி, பக்கத்திலை நிண்டு துணி பிரிக்கிறவ. ரெண்டு பேருக்கும் பொதுவாய் ஒரு பாஷை கிடையாது, எண்டாலும் என்னண்டோ விளங்கப்படுத்திப் போட்டாள். தன்ரை கையைக் காட்டி, ஊசி குத்திற மாதிரிக் காட்டி, எனக்குப் போட்டாச்சு, உனக்கு ஏன் போடேல்லை எண்டு கேட்டவளாம். "எனக்குப் போலந்துப் பாஸ்போட், உனக்கு இத்தாலிப் பாஸ்போட், எல்லாம் ஒண்டு" எண்டவளாம். "எனக்கும் உரிமை இருக்காம் அங்கிள்" எண்டு கண்ணை அகட்டிக்கொண்டு சொல்லுறான்.

இடத்தைக் குடுத்தால் மடத்தைப் பிடுங்கிறது எண்டு இதைத்தான் சொல்லுறது. வந்து இன்னும் கால் ஊண்டேல்லை, உரிமையோ? "தம்பி, அது ஜெர்மன்காரருக்கும் பழைய ஆக்களுக்கும்தான். உமக்குப் பிறகு வரும். கெம்பினீர் எண்டால் வேலையும் போகும், டிலானி பலெர்மோவிலைதான் இருக்க வேணும்" எண்டன். அதோடை ஆள் அடங்கிட்டான். "சொறி அங்கிள்" எண்டுகூடச் சொன்னான்.

ஆனால் அந்தப் பொஷேனா விடேல்லை. சனியன், நேரை மனேச்சரிட்டைப் போயிட்டாள். மனேச்சர் கெஸ்லர் எண்டு ஒரு மனுசி. நேர்மையான மனுசி, அதிலை மாத்துக் கருத்து இல்லை. அடுத்த நாளே அழுக்குப் பக்கத்துக்கு உடுப்பு மாத்திக்கொண்டு வந்திட்டா. அவனுக்கு ஜெர்மன் தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது. நடுவிலை நான். அவன்ரை முகத்தைப் பாத்துத்தான் கேட்டா, "உமக்குத் தடுப்பூசி வேண்டாம் எண்டு பஞ்சலிங்கம் சொல்லுறார். அது உம்மடை விருப்பமோ? கட்டாயம் இல்லை, ஆனால் போட்டால் நல்லது" எண்டு.

ஓம், நான்தான் முதலே சொல்லி வைச்சனான். எங்கடை ஆக்கள் சிலபேர் ஊசி போடமாட்டினம் எண்டு. அவங்கள் எங்கடை சமயம், பழக்கவழக்கம் எண்டால் ஒண்டும் பேசமாட்டாங்கள், அவ்வளவு மரியாதை.

நான் அவனைப் பாத்துத் தமிழிலை சொன்னன், "தம்பி, வேலை எல்லாம் பிடிச்சிருக்கோ எண்டு மேடம் கேக்கிறா. ஓம் எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லும்."

பொடியன் அப்பிடியே முகமெல்லாம் பல்லாய், "யா, யா! டாங்கே, டாங்கே!" எண்டு ஓமும் நன்றியும் அவங்கடை பாஷையிலை சொல்லி ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான். கெஸ்லர் மனுசியும் சிரிச்சிட்டுப் போட்டா. பொஷேனா மட்டும் என்னையே பாத்துக்கொண்டு நிண்டாள். நான் தமிழிலை என்ன சொன்னன் எண்டு அவளுக்கு விளங்கேல்லைத்தானே. பாக்கட்டும்.

என்ன தம்பி, முகத்தை ஒரு மாதிரி வைச்சிருக்கிறீர்? நான் என்ன கெட்ட எண்ணத்திலையோ செய்தனான்? ஊசி போட்டால் ரெண்டு நாள் கைநோவு, காய்ச்சல் எண்டு படுப்பாங்கள். மூண்டு தரம் போட வேணும். லைனை ஆர் பாக்கிறது? பொறுப்பிலை இருக்கிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும். அதோடை ஒருத்தனுக்குக் கேட்ட உடனை எல்லாத்தையும் குடுத்துப் பழக்கக் கூடாது. எனக்கு ஆரும் குடுத்தவனோ?

அதுக்குப் பிறகு நல்ல குளிர் காலம். கிறிஸ்மசுக்கு முதல் ஆஸ்பத்திரித் துணி மலையாய்க் குவிஞ்சு கிடக்கு. நான் சுத்தப் பக்கத்திலை நிக்கிறன். கண்ணாடியிலை டொக்கு டொக்கு எண்டு சத்தம். பாத்தால் துவாரகன். கையுறையைக் கழட்டிப்போட்டு விரலைத் தூக்கிக் காட்டுறான். ஊசி ஒண்டு துணிக்குள்ளை இருந்து ஏறிப்போட்டுதாம். ஒரு பொட்டு ரத்தம், வேறை ஒண்டும் இல்லை. பொஷேனா அங்காலை நிண்டு கத்துறாள், டாக்குத்தர், டாக்குத்தர் எண்டு. அந்த நேரத்திலை அவனை டாக்குத்தரிட்டை அனுப்பினால் ஆள் இல்லை, மெசின் நிண்டு போகும். விடியத் துணி போகாட்டில் ஆஸ்பத்திரிக்காரன் என்னைத்தான் தின்னுவான். "பிதுக்கிக் கழுவும், நாளைக்குப் பாப்பம்" எண்டு கையாலை காட்டினன். அவன் தலையாட்டினான். கழுவினான். திரும்பிப் போய் வேலை செய்தான்.

நாளைக்கு எண்டது அப்பிடியே போயிட்டுது. அவனும் பிறகு கேக்கேல்லை. அவன் கேட்டிருந்தால் நான் விட்டிருப்பன். கேக்காத பிள்ளைக்கு ஆர் பால் குடுக்கிறது?

மாசியிலை அவனுக்குப் பெம்பிளைப் பிள்ளை பிறந்திட்டுது. போனிலை எல்லாருக்கும் காட்டித் திரிஞ்சான். எனக்கும் காட்டினான், நல்ல வடிவான பிள்ளை. அப்பவே அவன்ரை கண் கொஞ்சம் மஞ்சளாய்த்தான் இருந்தது. நித்திரை இல்லாததாலை எண்டு நினைச்சன். பிறகு சத்தி எடுக்கத் தொடங்கினான், பிறகு மூட்டையிலை சாய்ஞ்சபடி இருந்தான், பிறகு அம்புலன்ஸ் வந்தது. ஈரல் முழுக்கப் போட்டுதாம். ஆயிரத்திலை ஒருத்தனுக்குத்தான் இவ்வளவு கெதியாய் அப்பிடி வருமாம். அது அவன்ரை தலையெழுத்து. டிலானி கைக்குழந்தையோடை பிளேன் ஏறி வாறதுக்குள்ளை ஆளுக்கு நினைவு போயிட்டுது. பிள்ளையைக் கிட்டக் கொண்டு போக டாக்குத்தர்மார் விடேல்லையாம். பரவாயில்லை, போனிலை கண்டவன்தானே.

விசாரணை நடந்தது. ஏன் தடுப்பூசி போடேல்லை எண்டு கேட்டாங்கள். கெஸ்லர் மனுசியே சொன்னா, நான் நேரை கேட்டனான், அவர் வேண்டாம் எண்டு கும்பிட்டவர் எண்டு. அதுக்கு மேலை ஆர் என்ன சொல்லுறது?

இனித்தான் கேளும். செத்த வீடு. இஞ்சை எரிக்கிற இடத்துக்குப் பக்கத்திலை ஒரு மண்டபம் இருக்கு, அங்கைதான் வைச்சவை. போறதோ விடுறதோ எண்டு யோசிச்சன். மரியாதைக்கு ஒரு எட்டுப் போய், கதவடியிலை நிண்டிட்டு வருவம் எண்டு போனன். உள்ளை ஒரு பொம்பிளை பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக் குளறுறா. குரல் எங்கையோ கேட்ட குரலாய்க் கிடக்கு. திரும்பினா. பாத்தால் மனோன்மணி!

மனோன்மணி ஆர் எண்டு சொல்ல வேணும். என்ரை ஐயாவும் அவவின்ரை ஐயாவும் சகோதரங்களின்ரை பிள்ளையள். எனக்குத் தங்கச்சி முறை. வேலிச் சண்டையிலை ரெண்டு குடும்பமும் பேச்சு வார்த்தை இல்லாமல் போய், அவை காணியை வித்திட்டு ஊரை விட்டுப் போனவை. பிறகு அவ பாரிசுக்கு வந்திட்டா எண்டு கேள்வி. நான் பதறிப் போய், "மனோ, நீ என்ன இஞ்சை?" எண்டன். "அண்ணை! எங்கடை பிள்ளை போட்டுதே அண்ணை! எங்கடை சின்னராசா ஐயான்ரை பேரப்பிள்ளை, என்ரை தம்பியின்ரை மகன் அண்ணை!" எண்டு என்ரை நெஞ்சிலை விழுந்து அழுகிறா.

ஊரிலை ரெண்டு சின்னராசா தம்பி! ஒண்டு கட்டாடிச் சின்னராசன். மற்றது எங்கடை சின்னராசாச் சித்தப்பா, மனோன்மணியின்ரை ஐயா. காணியை வித்தாப் பிறகு போக இடமில்லாமல் கொஞ்சக் காலம் குளத்தடியிலை கொட்டில் போட்டு இருந்தவையாம். துவாரகன்ரை தேப்பன் பிறந்ததும் அங்கைதானாம். அக்கா எல்லாத்தையும் மாறிச் சொல்லிப்போட்டா. ஆனைக்கும் அடி சறுக்கும் எண்டு சொல்லுறது இதைத்தான்.

என்ரை சொந்த ரத்தம் தம்பி! எனக்குப் பெறாமகன், மகன் முறை! எங்கடை பிள்ளையை, எங்கடை பிள்ளையை நான் அந்த மூட்டையளுக்கை விட்டு வைச்சிருக்கிறன். கோப்பையைத் தனியக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறன். தான் ஆடாட்டிலும் தன் சதை ஆடும் எண்டு சொல்லுறவை. எனக்கு ஏன் ஆடேல்லை? நான் அந்த மண்டபத்திலை உருண்டு பிரண்டு அழுதன். நம்பினால் நம்பும், நம்பாட்டில் விடும், என்ரை தேப்பன் செத்ததுக்குக்கூட நான் அப்பிடி அழேல்லை. முதலே தெரிஞ்சிருந்தால் வந்த அண்டைக்கே இஞ்சாலை எடுத்திருப்பன். கையைப் பிடிச்சு நானே கூட்டிக்கொண்டு போய் ஊசி போடுவிச்சிருப்பன். வீட்டிலை வைச்சு யோகேஸின்ரை கையாலை சாப்பாடு போட்டிருப்பன்.

அந்த நேரம் பாத்து டிலானி பிள்ளையைத் தோளிலை போட்டுக்கொண்டு வந்தா. "அங்கிள், அவருக்கு ஏன் ஊசி போடேல்லை? பஞ்சலிங்கம் அங்கிள் இருக்கிறார், எப்பிடியும் போடுவிச்சுத் தருவார் எண்டல்லோ என்னட்டைச் சொன்னவர்" எண்டா. "அவர்தான் வேண்டாம் எண்டவர் பிள்ளை" எண்டன். அவ பிள்ளையை மற்றத் தோளுக்கு மாத்திப் போட்டுக்கொண்டு பெட்டியடிக்குப் போட்டா.

இதிலை எனக்கு வந்த நட்டத்தைக் கேளும். மனோன்மணி எல்லாருக்கும் முன்னாலை அண்ணை, அண்ணை எண்டு கத்திப்போட்டா. பங்காளிச் சாவு எண்டால் துடக்கெல்லோ? முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்கேலாது. அந்த மாதம்தான் எங்கடை கோயில் கொடியேறினது. இரண்டாம் திருவிழா என்ரை உபயம். எத்தினை வருசம் காத்திருந்து கிடைச்சது தெரியுமோ? பட்டு வேட்டி எடுத்து வைச்சிருந்தன். கடைசியிலை வேறை ஒருத்தன் என்ரை இடத்திலை நிண்டு ஐயரிட்டைக் காளாஞ்சி மரியாதை வாங்கினான், நான் றோட்டுக்கு அந்தப் பக்கம் நிண்டு மேளச் சத்தம் கேட்டனான். யோகேஸ் இப்பவும் சொல்லுவா, அந்தப் பொடியன் உயிரோடை இருக்கேக்கையும் கரைச்சல், செத்தும் கரைச்சல் எண்டு. நான் அவவைப் பேசினனான். எங்கடை பிள்ளையை அப்பிடிச் சொல்லக்கூடாது எண்டு.

பொஷேனா பிறகு என்னோடை கதைக்கிறேல்லை. கதைக்காட்டில் போகட்டும். மனேச்சர் மனுசி அழுக்குப் பக்கத்துக்கு உடனை ஒரு ஆள் வேணும் எண்டு நிண்டா. தெரிஞ்ச ஆக்களிட்டைச் சொன்னன். அப்பத்தான் உம்மடை பேர் வந்தது.

இப்ப விளங்குதோ, இதையெல்லாம் ஏன் உம்மட்டைச் சொல்லுறன் எண்டு? எனக்கு இன்னொருக்கால் அந்தப் பிழை விட ஏலாது தம்பி. ஒரு வம்சத்தின்ரை பிள்ளையைப் பறிகுடுத்த மனிசன் நான். அந்த நெருப்பு இப்பவும் நெஞ்சுக்குள்ளை கிடக்கு. அக்காவை நம்பினதுதான் நான் செய்த மோட்டுத்தனம். இந்த முறை ஊரிலை நாலு பேரிட்டையாவது விசாரிச்சுப் போட்டுத்தான் ஆளை அங்கால் இஞ்சால் விடுறதெண்டு யோகேஸின்ரை தலையிலை சத்தியம் பண்ணியிருக்கிறன். நீரும் அவனைப் போலை எனக்குத் தெரியாது, அப்பா சொன்னவர் எண்டு சிரிச்சுக்கொண்டு இருக்கக் கூடாது. வடிவாய், ஒழுங்கை ஒழுங்கையாய்ச் சொல்ல வேணும். உம்மடை நன்மைக்குத்தான்.

இறங்கிற இடம் வந்திட்டுது, பையை எடும். அந்தா, மனுசி வாசலிலை நிக்கிறா. இப்பவே சிரியும், நல்ல பிள்ளையாய்.

என்ன? என்ன கேட்டனீர்?

ஊசியோ? அதைப் பிறகு பாப்பம் தம்பி. முதலிலை அப்பப்பாவின்ரை பேரைச் சொல்லும்.